ஒன்பதாம் விதி நான் எழுதியதல்ல

புளியைப் போலக் கறுத்த ஒரு ஜாம். நாக்கில் பட்டதும் முதலில் புளிக்கும், பிறகு மெல்ல இனிக்கும்...

மிலான் அதைப் பாணில் தடிப்பாகப் பூசித் தருவான். பிளம் பழத்தில் செய்தது. நாங்கள் கேக்கில் போடும் பிளம்ஸ் அல்ல. மரத்தில் கருநீலமாகக் காய்ப்பது. அவன் சேர்பியன். நான் ஊரில் கணித ஆசிரியனாக இருந்தவன். பாரிஸில் இருவரும் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சமையலறையில் கோப்பை கழுவினோம். இரண்டு பேரிடமும் சேர்த்து ஒரு முழு ஆளின் பிரெஞ்சுகூட இருக்கவில்லை.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்கள் கால்பந்துக் கழகம் தொடங்கிய காலத்தைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று சொல்லிவிடுகிறேன்.

பாரிஸ் புறநகரான ஸ்தேனில் மெரி, அதாவது நகரசபை, எங்கள் பெடியளுக்கு ஞாயிறு காலையில் ஒரு மைதானம் தந்திருந்தது. ஒரு பக்கத்தில் தாழ்ந்த கம்பி வேலி. அதற்கு அப்பால் போர்த்துக்கல் கிழவர் ஒருவரின் மரக்கறித் தோட்டம். இரண்டு ஞாயிறு தொடர்ந்து பந்து அவருடைய தக்காளிக் கன்றுகளுக்குள் விழுந்தது. மெரியிலிருந்து கடிதம் வந்தது. இன்னுமொரு முறைப்பாடு வந்தால் மைதானம் இல்லை.

அந்த ஞாயிறு காலை போயிருந்தால் எங்களிடம் வேறு என்ன இருந்தது? ஓர் அறைக்குள் எட்டுப் பேர். வதிவிட அட்டை கிடைக்குமா என்ற யோசனை. கிழமையில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

கழகத்தின் யாப்பை, அதாவது விதிகளை, எழுதும் வேலை செயலாளரான என்னுடையது. கோடு போட்டு, எண் போட்டு, எட்டு விதிகள் எழுதிவிட்டேன். தோட்டத்துக்கு மட்டும் ஒரு வழியும் தோன்றவில்லை.

மிலானிடம் சொன்னேன். கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தான்.

அவனுடைய ஊர்க் கழகம் சேர்பியாவில் முதன்முதலில் தோன்றிய கால்பந்துக் கழகங்களில் ஒன்று. அவனுடைய பாட்டனார் அதன் முதல் அணியில் ஆடியவர். புடாபெஸ்டுக்குப் படிக்கப் போன ஒரு மாணவன் பெட்டிக்குள் பந்தொன்று கொண்டுவந்தானாம். ஊருக்கே அந்த ஒரு பந்துதான். கிழிந்தால் சப்பாத்துத் தைப்பவர் தைத்துக் கொடுப்பார். விளையாடும் உடுப்பு இல்லை. பழைய காற்சட்டைகளை முழங்காலோடு வெட்டிக்கொண்டார்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் ஒருவருடைய பிளம் தோட்டம். பூக்கும் காலத்தில் பந்து கொப்புகளுக்குள் போய் விழ, அவர் கோடரியோடு வந்து நின்றாராம், பந்தை வெட்டவா காலை வெட்டவா என்று.

கழகம் கூடி ஒரு விதி எழுதியது. யாருடைய காலிலிருந்து பந்து தோட்டத்துக்குள் போகிறதோ, அவர் அடுத்த சனிக்கிழமை மதியம்வரை அங்கே வேலை செய்யவேண்டும்.

“பழம் பழுக்கும்போது, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டது அந்தக் கோடரிக்காரர்தான்,” என்றான் மிலான்.

அதையே ஒன்பதாம் விதியாக எழுதினேன். எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. கோப்பை கழுவுகிற இடத்தில் கேட்ட கதையையா யாப்பில் போட்டீர்கள் என்று சிரிப்பார்களோ என்ற பயம்.

லா சப்பலில் ஒரு கடையின் மேல்மாடியில் கூடி வாசித்தோம். அணித்தலைவர் குணம் தாடியைச் சொறிந்தார்.

“என்ன மாஸ்ரர், நாங்கள் பந்தடிக்க வந்தனாங்களோ, கத்தரிக்குத் தண்ணி விட வந்தனாங்களோ?”

“கிரவுண்ட் போனா ரெண்டும் இல்லைத்தானே, குணம்,” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“ஓம், அதுவும் சரிதான். எழுதுங்கோ. முதல் ஆர் போறானெண்டு பாப்பம்.”

முதலில் போனவன் நான்தான்...

கோட்டுக்கு வெளியே நின்று கோல் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பந்து காலடிக்கு உருண்டு வந்தது. திருப்பி உதைத்தேன். என் வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு பலமாக உதைத்ததில்லை. வேலிக்கு மேலால் போய்விட்டது.

“மாஸ்ரர், மண்வெட்டி பிடிக்கத் தெரியுமோ?” என்று யாரோ கத்த, எல்லாரும் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை, மிலான் சொல்லித்தந்த பிரெஞ்சு வசனங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கிழவர் தாளை இரண்டு முறை வாசித்தார். என் சப்பாத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சோடி ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து வைத்தார். மதியம்வரை போஞ்சிக்குத் தடி நட்டோம். புறப்படும்போது ஒரு பெரிய கோவாவை, அதாவது முட்டைக்கோஸை, கையில் தந்தார்.

மெரிக்கு மறுபடி முறைப்பாடு போகவில்லை.

பிறகு குணம் போனார், மற்றவர்களும் போனார்கள். “அண்ணை, கிழவர் வைன் குடுக்கிறாராம், நானும் ஒருக்கா உள்ளை அடிச்சுப் பாக்கட்டோ?” என்று கேட்டவர்களும் உண்டு. கோடை முடியும்போது கிழவர் வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு ஆட்டம் பார்த்தார். எங்கள் கோல் காப்பவரை மட்டும் விடாமல் ஏசினார்.

போன ஞாயிறு ஆண்டுக் கூட்டம். குணத்தின் மகள்தான் இப்போது கழகத் தலைவி.

“மாஸ்ரர் அங்கிள், இப்ப வலை நல்ல உயரம், பந்து வெளியில போறேல்லை. ஆனா ஒன்பதை எடுக்கமாட்டம். அது நீங்கள் எழுதினது,” என்றாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, “மெர்சி” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமும் அப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

மிலான் ஓய்வு பெற்று ஊருக்குப் போனான். சில வருடங்கள் புதுவருட அட்டை வந்தது... பிறகு நின்றுவிட்டது. அவனுடைய கழகத்தின் வரலாற்றை இணையத்தில் தேடி, மொழிபெயர்ப்பில் போட்டு வாசித்தேன். புடாபெஸ்ட் பந்து இருக்கிறது. பிளம் தோட்டம் இல்லை. பாட்டனார் கூட்டிச் சொன்னாரோ, அல்லது என் முகத்தைப் பார்த்து மிலானே அந்த இடத்தில் கட்டிச் சொன்னானோ, தெரியவில்லை. கட்டிச் சொல்லியிருந்தால் நான் அவனுக்கு இன்னும் கூடுதலாக நன்றி சொல்லவேண்டும்.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது கார்த் தரிப்பிடம். பெடியள் காரில் வந்து ஆடிவிட்டுக் காரில் போகிறார்கள். பந்து எங்கும் போவதில்லை. யாருடைய கதவையும் தட்டி நிற்கவேண்டியதும் இல்லை. நல்லதுதான்... இருந்தாலும் அந்தக் கோவாவின் பாரம் இன்னும் கையில் இருக்கிறது.

இன்று காலை தலைவிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒன்பதாம் விதிக்குக் கீழே, இது மிலான் தந்தது என்று ஒரு வரி சேர்க்கும்படி.

உடனே பதில் வந்தது. “ஓகே அங்கிள். மிலான் ஆர்? எந்த டீம்?”

பதில் எழுதினேன்.

“எங்கடை டீம் தான், பிள்ளை.”