நேராக்கிய கடல்

என் வலது தோள் இடதை விடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். நான் எடுக்கும் படங்களில் கடல் எப்போதும் இடப்பக்கமாகச் சரிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம். கண்டக்குழி விடுதிகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. முதல் வருஷமே ஒரு முதலாளி, "தம்பி, ஒங்கட கடல் ஒரு பக்கமா வடியுது. வாற வெள்ளக்காரன் வழுக்கி விழுந்திருவான்" என்று எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து கடலும் வானும் சேரும் கோட்டை நேராக்காமல் ஒரு படத்தையும் வெளியே விட்டதில்லை.

நேராக்குவது லேசான வேலை. கணினியில் படத்தைக் கொஞ்சம் திருப்பினால் கோடு மட்டத்துக்கு வந்துவிடும். திருப்பும்போது ஓரங்கள் வெட்டுப்படும். ஓரத்தில் என்ன இருக்கப்போகிறது, வெறும் தண்ணீர்தானே. நேராக்கியதை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடுவேன். கோணல் படம் ஒன்று என்னிடம் இருப்பதே எனக்கு அவமானம்.

சோளகக் காற்று தொடங்கிய ஒரு காலையில், புது விடுதி ஒன்றுக்காகக் கரையில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். என் உடன்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், தன் வள்ளத்தில் இடப்பக்க ஓரமாகக் கடலுக்குப் போனார். படத்துக்குள் விழுகிறாரே என்ற எரிச்சலோடுதான் அழுத்தினேன். என் கண் அந்தக் கடல் கோட்டில் இருந்தது. மூன்றாம் நாள் அவருடைய வள்ளம் மட்டும் உச்சமுனைப் பக்கம் கவிழ்ந்து ஒதுங்கியது.

அடக்குவதற்கு மய்யித்து கிடைக்கவில்லை. ராத்தா விதவையாக இத்தாவில் இருப்பதா, அவர் வருவார் என்று இன்னும் காத்திருப்பதா என்று யாரும் அவளுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அறைக்குள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நான் போனதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்டைக்குக் காலையில அவரோட சண்ட புடிச்சிட்டன் தம்பி. ஒரு சொல்லும் கதைக்காமப் போனாரு. நீ கரையில நிண்டாய்தானே. வூட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தாரா?"

எனக்குத் தெரியாது. ஆனாலும், "ஓம் ராத்தா, பாத்தாரு. கையும் காட்டினாரு" என்றேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"போட்டோ புடிச்சாய்தானே. காட்டு."

போனில் இருந்த அந்தப் படத்தைத் திறந்தேன். "மச்சான் அதுல இல்ல ராத்தா. கடல நேராக்கக்குள்ள ஓரம் வெட்டுப்பட்டுப் போச்சு" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் காதில் அது ஏறவில்லை. போனை வாங்கி உற்றுப் பார்த்தாள். கோடு மயிரிழையும் பிசகாமல் நேராக இருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அவள் இடப்பக்க ஓரத்தில் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் இங்கால தள்ளினா வருவாரு."

அவளே தள்ளினாள். அடுத்த படம் வந்தது. விடுதியின் நீச்சல் குளம். அதையும் நேராக்கித்தான் வைத்திருந்தேன்.