தெற்கே சூலம்

"ஆவணி 26, செப்டம்பர் 11, வியாழன். சூலம்: தெற்கு. பரிகாரம்: தைலம்."

எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் தொங்கும் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள் இது. அன்றைக்கு எந்தத் திசைக்குப் பயணம் கிளம்பக் கூடாது என்பதைச் சூலம் சொல்லும். கிளம்பியே ஆக வேண்டுமென்றால் என்ன செய்துவிட்டுக் கிளம்பலாம் என்பதைப் பரிகாரம் சொல்லும். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தாள்களைக் கிழித்துக் கம்பியில் குத்தி வைக்கிறேன். முப்பது வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். காலையில் முதல் வேலை, முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றி நோட்டில் ஒருமுறை குத்திப் பார்ப்பது. ஓய்வு பெற்ற பிறகு குத்துவதற்கு முத்திரை இல்லை, தேதி மட்டும் விடவில்லை.

என் அம்மா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். அந்த மூன்று வருஷத்தில் என் மனைவி ஒரு இரவு கூட வெளியில் தங்கியதில்லை. ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போனால் கூட சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள்தான். நான் மருந்து கொடுத்த நேரங்களை நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்றைக்கும் பிழையில்லாமல் இருக்கிறது.

முதல் வருஷத் திதி முடிந்த அன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவியின் தங்கை எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"மச்சான், இனியாச்சும் அக்காவ எங்கிட்டாவது கூட்டிட்டுப் போங்க. அது ஒக்காந்து நான் பாத்து எம்புட்டு நாளாச்சு."

"போவோம், போவோம். திட்டம் போடணும்ல."

"நீங்க திட்டம் போட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கே பல்லு விழுந்துரும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே புது நோட்டு வாங்கிவிட்டேன்.

மனைவியிடம் எங்கே போகலாம் என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"முட்டம். கடலுக்குள்ள பாறையா இருக்குமாம். அங்கன ஒரு பாறை மேல ஒரு முழு நாளு சும்மா ஒக்காந்திருக்கணும். யாரும் என்னைய கூப்பிடக் கூடாது."

அவள் கடலைப் பார்த்தது அதற்கு முன் ஒரே தடவை, திருச்செந்தூரில், ஒரு மொட்டை போடும் விசேஷத்தில், கூட்டத்தோடு. முட்டத்தை எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மா கண்ணயரும் நேரத்தில் செல்போனில் பார்த்திருக்கிறாள். பாறையில் அலை மோதும் வீடியோ, திரும்பத் திரும்ப. சத்தம் கேட்டால் அம்மா விழித்துக்கொள்வார் என்று ஒலியை அணைத்து வைத்துத்தான் பார்ப்பாளாம்.

ஆறு நாள் திட்டம் போட்டேன். திங்கட்கிழமை கிளம்பித் தஞ்சாவூர், இரண்டு நாள். புதன் மதுரை. வியாழன் காலை தெற்கே கிளம்பி மதியத்துக்குள் நாகர்கோவில், சாயங்காலம் முட்டம். வெள்ளி முழுவதும் முட்டம். சனி ரயிலில் திண்டுக்கல் வீட்டுக்குத் திரும்புவது. பழைய ஊர்கள் எனக்கு, கடல் அவளுக்கு. பார்த்தால் நியாயமான பங்கீடுதான். நோட்டின் மேல் "நிதானப் பயணம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பிறகுதான் மாங்குளம் நினைவுக்கு வந்தது. மேலூர்ப் பக்கம் ஒரு மலை. குகையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. மதுரையில் இன்னும் ஒரு நாள் இருந்தால் பார்த்துவிடலாம். அந்த ஒரு நாளை எதிலிருந்து எடுப்பது? தஞ்சாவூரில் கை வைக்க மனம் வரவில்லை.

நேராகக் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாது. கேட்கவில்லை. காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுபோய், செப்டம்பர் 11-ஐப் புரட்டி அவள் முன்னால் நீட்டினேன்.

"இந்தாம்மா, இதப் பாரு. வியாழக்கிழமை தெற்கே சூலம்."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஆமா, போட்டிருக்கு. நீங்க எப்பருந்து இதெல்லாம் பாக்க ஆரம்பிச்சீங்க?"

"உனக்காகத்தான். அம்மா போயி வெளிய கிளம்புற மொத தடவ. எதுக்கு வம்பு? வெள்ளிக்கிழமை கிளம்புவோம்."

"அப்ப முட்டத்துல?"

"வெள்ளி சாயங்காலம் இருப்போம்ல."

"சரி," என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

என் கட்டைவிரல் அப்போது தாளின் மேல் இருந்தது. பரிகாரம் என்ற வரியின் மேல். தற்செயலாக இருந்தது என்று எழுதினால் அது பொய்ப் பதிவு ஆகும்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வாசலில் செருப்பை மாட்டும்போது, "செத்த நில்லுங்க" என்று உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்து என் உள்ளங்கையில் ஒரு கரண்டித் தயிர் ஊற்றினாள். அவளும் ஒரு வாய் குடித்தாள். பஸ்ஸில் வயிற்றைப் புரட்டாமல் இருக்கத் தருகிறாள் என்று நினைத்தேன்.

தஞ்சாவூரைப் பற்றி என் நோட்டில் பதினொரு பக்கம் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். செவ்வாய் மதியம் பெரிய கோயிலின் திருச்சுற்றில், தூண் நிழலில், அவள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப் போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பகலில் அவள் தூங்கி நான் பார்த்து நாலு வருஷம் இருக்கும். அந்த நேரம் பார்த்து விமானத்தின் அடிப்பகுதியில் வெயில் சாய்வாக விழுந்து, கல்வெட்டு எழுத்துகள் எடுப்பாகத் தெரிந்தன. தோளைத் தொட்டு எழுப்பினேன். "வா, இந்த வெளிச்சம் பத்து நிமிஷம்தான் இருக்கும்." அவள் பதறி எழுந்து, "அத்தை கூப்பிட்டாங்களா?" என்றாள்.

அதற்குப் பிறகும் கூட்டிக்கொண்டு போய்க் கல்வெட்டைக் காட்டினேன்.

வியாழக்கிழமை காலை, மதுரையில் விடுதி அறை. அவள் கண்ணாடி முன்னால் நின்று தலைக்கு எண்ணெய் வைத்தாள். பிறகு பையிலிருந்த அந்தச் சின்னப் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"எண்ணெய் வச்சுட்டேன். நீங்களும் கொஞ்சம் வச்சுக்கங்களேன்."

"மலை ஏறப் போறேன். வெயில்ல வழியும், வேணாம்."

பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூடியைத் திருகிப் பைக்குள் போட்டாள்.

மாங்குளத்தில் அவள் முழங்கால் மலை ஏற ஒத்துக்கொள்ளவில்லை. அடிவாரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார வைத்துவிட்டு, அரை மணி நேரம் என்று சொல்லி ஏறினேன். இறங்கியபோது இரண்டேமுக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. என் குறிப்பிலேயே இருக்கிறது. மரநிழல் நகர நகர அவளும் நகர்ந்து மரத்தின் மறுபக்கத்தில் இருந்தாள்.

"எழுத்து தெரிஞ்சுச்சா?"

"நல்லாத் தெரிஞ்சுச்சு. இங்க உக்காந்ததுல உனக்கும் ரெஸ்ட்டுதான?"

அவள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நினைத்த நேரத்தில் பஸ் இருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் தனியாக வந்து இந்த மலையை ஏறியிருக்கலாம். இது எனக்கு அன்றும் தெரியும்.

வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் இறங்கி விடுதியில் பையை வைக்கும்போது மணி ஒன்றே கால். நேராக முட்டம் போயிருந்தால் நாலு மணி நேரமாவது கிடைத்திருக்கும். நான் பத்மநாபபுரம் அரண்மனையைச் சொன்னேன்.

"அரண்மனைய நாலரைக்கு மூடிருவாங்க. கடல யாரு மூடப் போறா?"

அரண்மனையில் மரவேலைப்பாடுகளை அவளும் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு தடவை என் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள்.

முட்டத்தில் இறங்கியபோது ஐந்தே முக்கால். பாறைகளுக்கு இறங்கும் வழியில் கயிறு கட்டியிருந்தது. கடல் சீற்றம், யாரும் கீழே போகக் கூடாது என்று ஒரு காவலர் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் போல இன்னும் சிலர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். கீழே பாறையில் அலை ஏறி உடைந்து, நுரை மேலே எழும்பி, நாங்கள் நிற்கும் இடம் வரை சாரல் வந்தது.

பக்கத்தில் டீக்கடை போட்டிருந்த பெண்மணி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "நேத்து வந்திருக்கப்பிடாதா? நேத்து கடலு குளம் போலல்லா கெடந்துச்சு. பிள்ளைய எல்லாம் அந்தப் பாறையில இருந்து கடலை தின்னுட்டுல்லா இருந்தாவ."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை நின்றாள். நான் கணக்கிட்டேன், முப்பத்தைந்து நிமிஷம். ஒரு தடவை கூட அவளைக் கூப்பிடவில்லை. அந்தப் பயணத்தில் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

திரும்பும் பஸ்ஸில் தானாகவே பேசினாள். "சத்தமாச்சும் கேட்டாச்சு. இம்புட்டுச் சத்தமா இருக்கும்னு நெனைக்கல."

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் உலை வைக்கப் போனாள். காலண்டர் திங்கட்கிழமையிலேயே நின்றது. ஐந்து தாள்களையும் ஒவ்வொன்றாகக் கிழித்தேன். முதல் தாள் திங்கள். சூலம்: கிழக்கு. பரிகாரம்: தயிர்.

தஞ்சாவூர் எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. தெற்குச் சூலத்தைக் காட்டி அவளைத் தடுத்த நான், திங்கட்கிழமைத் தாளைப் புரட்டியே பார்த்திருக்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள். பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வாசலில் என் கையில் தயிரை ஊற்றி நான் ஆசைப்பட்ட ஊருக்கு என்னைக் கிளப்பி விட்டிருக்கிறாள்.

பிறகு வியாழக்கிழமைத் தாள் கைக்கு வந்தது. தைலம். எண்ணெய்தான் தைலம்; விடுதி அறையில் அவள் நீட்டிய பாட்டில் நினைவுக்கு வந்தது. சமையலறையில் அரிசி களையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தாளைக் கம்பியில் குத்தினேன்.

நாலு மாதம் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். போன வாரம் ஒரு வெள்ளைத் தாளில் "முட்டம், மூன்று நாள்" என்று மட்டும் எழுதி, வேறு எந்த ஊரும் இல்லாமல், கிளம்பும் நாளாக ஒரு வியாழக்கிழமையைப் போட்டு, அவளிடம் கொடுத்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே படித்தாள்.

"வியாழக்கிழமையா? தெற்கே சூலமாச்சே."

"பரிகாரம் இருக்கு," என்றேன். "அன்னிக்கும் போட்டிருந்துச்சு. நான்தான் வெரல வச்சு மறைச்சேன்."

கத்தி நின்றது. "அப்படியா? என்ன பரிகாரம்?"

"தைலம்."

"ஓ," என்றாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். கடைசி பீன்ஸையும் நறுக்கி முடித்துவிட்டு, "மொதல்ல டிக்கெட்டப் போடுங்க. பெறகு நம்புறேன்," என்றாள்.

அன்றே போட்டுவிட்டேன்.

என் பயண நோட்டில் செப்டம்பர் 11-க்கு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. காபி குடித்த நேரம், பஸ் எண், குகையின் திசை எல்லாம் இருக்கின்றன. எண்ணெய் இல்லை. திங்கட்கிழமைப் பக்கத்தில் தயிரும் இல்லை. அவள் தினமும் தலைக்கு எண்ணெய் வைப்பவள்தான். அன்று பாட்டிலை என்னிடம் நீட்டியது தெற்கே போகலாம் என்று எனக்குத் தந்த கடைசி வாய்ப்பா, வறண்டு கிடந்த என் தலையைப் பார்த்துச் சொன்ன சாதாரணப் பேச்சா என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அவளிடம் இன்னும் கேட்கவில்லை. இந்தத் தகவல் இன்றைய தேதி வரை சரிபார்க்கப்படாதது.