இன்னொரு வாட்டி மிதிங்க

காலையில் திருத்தணி மலையிலிருந்து இறங்கும்போது கார் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. முதல் கியரிலேயே ஊர்ந்து, அரக்கோணம் ரோட்டில் பாய் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தேன்.

"லீக் ஒண்ணும் இல்ல சார். போன வாரம் ஹோஸ் மாத்துனப்போ லைன்ல காத்து பூந்துகிச்சி. பெடல் மிதிக்க ஒரு ஆள் வேணும். கூட யாரும் வரலயா?"

"இல்ல பாய். நான் மட்டும்தான்."

"அப்ப நீங்களே ஏறி உக்காருங்க."

நான் மிதித்துப் பிடிக்க, அவர் சக்கரத்தோரம் படுத்து நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார்.

"மிதிங்க சார்."

"மிதிச்சாச்சு."

"புடிச்சிகினே இருங்க... ஆங், இப்ப வுடுங்க."

நான்கு சக்கரத்துக்கும் இதே பேச்சு. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபிறகு யாரோடும் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது.

"எப்டி சார் இருக்குது?"

"இன்னும் கொஞ்சம் மெத்துனு இருக்கே பாய்."

அவரே ஏறி மிதித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி போய்ப் படுத்தார்.

"இன்னொரு வாட்டி மிதிங்க சார்."

பிரேக் இப்போது அருமையாகப் பிடிக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் என்ன கோளாறு சொல்லலாம்? விவரம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.