என் கைக்குச் சுடாத காய்ச்சல்

பேய், ஜின்னு, காத்துக் கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓதிப் பார்க்கிறேன், தாயத்துக் கட்டுகிறேன் என்று வாசலுக்கு வந்தவர்களைச் சண்டை போட்டுத் துரத்தியிருக்கிறேன். கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும், இல்லாவிட்டால் அது இல்லை, அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு, பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவன் உளறுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். நானும் இன்னொருத்தியை அப்படித்தான் நினைத்தேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து சரக்கு இறக்குவது என் வேலை. பதினெட்டு வருஷமாக அதுதான். டிராலி வெளியே வந்து முழுசாக ஆறும்வரை காத்திருந்தால் வேலை ஓடாது, சூடு இருக்கும்போதே கப்பையும் பொம்மையையும் எடுத்து அடுக்கிவிடுவோம். மற்றவர்கள் கையுறை மாட்டுவார்கள். எனக்கு அது தோதுப்படாது, வெறுங்கைதான். உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி காய்த்துப்போய்விட்டது. டீக்கடையில் ஆவி பறக்கிற கிளாஸை நான் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இது கையா, இடுக்கியா பாய்?" என்று கேட்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

என் மகள் நஸ்ரின். ஒன்பது வயது, ஒரே பிள்ளை. போன வருஷம் மழை ஓய்ந்த சமயம், ஒருநாள் சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள்.

"புள்ளைக்கு நெருப்பா கொதிக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றாள் என் மனைவி ரஹீமா.

நான் நெற்றியில் கை வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சுடவில்லை. கழுத்தில் வைத்தேன், அங்கேயும் சுடவில்லை. "ஒண்ணும் இல்ல. உனக்கு எல்லாமே பெருசு" என்றேன்.

"தல கொதிக்குது, காலு மட்டும் ஜில்லுனு கெடக்குது. நல்லா தொட்டுப் பாருங்க."

தொட்டுத்தானே பார்த்தேன்? அவள் கை ஒன்று சொல்கிறது, என் கை ஒன்று சொல்கிறது, யாருமே தன் கையைத்தானே நம்புவார்கள். நஸ்ரின் வேறு கண்ணைத் திறக்காமலே, "அத்தா, கையி நல்லா இருக்குது, எடுக்காதீங்க" என்றாள். நான் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். மறுநாளும் அதே பேச்சு, அதே சண்டை. மூன்றாம் நாள் விடியற்காலையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். டெங்கு என்றார்கள். "ஏங்க இவ்ளோ லேட்டா கொண்டாந்தீங்க?" என்று அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி, வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகுதான் ரஹீமாவுக்கு அது ஆரம்பித்தது. சாயங்காலம் அஸர் பாங்கு சொன்னால் போதும், கட்டிலில் போய் உட்கார்ந்து நஸ்ரினின் தலையணைமேல் கை வைப்பாள். "கொதிக்குதுங்க" என்பாள். ஈரத்துணியைப் பிழிந்து தலையணைமேல் போடுவாள். நானும் தொட்டுப் பார்த்தேன், தலையணை தலையணையாகத்தான் இருந்தது. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அந்தத் துணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று நாலு பேர் கேட்கக் கத்தினேன். அவள் வெளியே போய் மண்ணில் கிடந்த துணியை எடுத்து அலசிக்கொண்டு வந்தாள்.

அப்புறம் டாக்டரிடம் கூட்டிப்போனேன், மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் தலையணைப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், பாங்கு சொன்னால் தொழுதாள். சரியாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒருநாள் மட்டும் அவளாகவே, "இப்ப எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுங்க" என்றாள். நல்லதுதானே என்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்லப்போவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. அந்தத் தலையணை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டாம், பரண்மேல் போட்டுவிடலாம் என்று கட்டிலுக்குப் போனேன். அஸர் பாங்கு முடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். கை வைத்தவன் "யா அல்லா" என்று அலறி உதறிவிட்டேன். சுட்டது. பதினெட்டு வருஷமாகச் சூளைக்குச் சுடாத கை, அதற்குச் சுட்டது. அந்த அறைக்கு வெயில் வராது, ஜன்னலே கிடையாது. பயந்துகொண்டே மறுபடி வைத்தேன். பஞ்சு மாதிரி அமுங்கவில்லை. உருண்டையாக, கெட்டியாக, ஓரத்தில் வியர்த்த முடி மாதிரி...

"ரஹீமா! இங்க வா, ஓடியா!"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லமாட்டாளா என்று அப்படித் தவித்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவள் கைக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. "நல்லா தொட்டுப் பாரு ரஹீமா, கொதிக்குது" என்று நான் கெஞ்சினேன். அவள் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பீரோவைத் திறந்து நஸ்ரினின் போர்வையை எடுத்து வந்தாள். தலையணையைப் பதமாகச் சுற்றி என் தோளில் சாய்த்து வைத்தாள்.

"எனக்குத் தெரியலைன்னா என்னங்க? உங்களுக்குக் கொதிக்குது இல்ல? தூக்கிட்டுப் போங்க. இந்தத் தடவையாச்சும் போங்க."

போனேன். பட்டப்பகலில், ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல். தெருமுனையில் வந்த ஆட்டோவைக் கை காட்டி ஏறினேன். ஓட்டியவர் வேப்பூர்க்காரர், ஊருக்குப் புதுசு, என்னை முன்னேபின்னே தெரியாது. ஆஸ்பத்திரி என்றதும் வண்டியை விரட்டினார். ரயில்வே கேட் தாண்டியதும் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"பாய், பாப்பா காலு வெளிய தொங்குது பாருங்க. உள்ள எடுத்து வைங்க, எங்கியாச்சும் பட்டுறப் போவுது."

நான் குனிந்து பார்க்கவில்லை. தைரியம் இல்லை. கையை மட்டும் நீட்டிப் போர்வையோடு சேர்த்துப் பிடித்து உள்ளே வைத்தேன். சின்னதாக, ஜில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிப் போர்வையை விலக்கினால் தலையணை. சூடும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே போய் யாரிடம் என்ன சொல்வது? பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் அங்கே பெஞ்சில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்புறம் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ரஹீமா வாசலிலேயே நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"நேரத்தோட கொண்டாந்துட்டீங்கன்னு சொன்னாங்க" என்றேன்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

எது நிஜம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரே கிளாஸ், ஒரே டீ, டீக்கடைக்காரருக்குச் சுடுகிறது, எனக்குச் சுடுவதில்லை. அப்படியானால் அந்த டீ சூடா, இல்லையா? முன்பெல்லாம் பட்டென்று பதில் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு அந்தத் தலையணை எங்கள் இரண்டு பேருக்குமே சுடவில்லை. தினமும் அஸருக்கு இரண்டு பேரும் கை வைத்துப் பார்க்கிறோம்.

அந்த ஆட்டோக்காரர் இப்போது பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறார். அவர் எதையோ தப்பாகப் பார்த்திருக்கலாம், போர்வை நுனியாக இருந்திருக்கலாம், நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். போன வாரம்கூட என்னைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"பாப்பா எப்படிங்க பாய் இருக்குது? அன்னைக்கு உங்க தோள்ல இருந்து என்னையே பாத்துக்கிட்டு வந்துச்சு" என்றார். "இப்ப ஸ்கூலுக்குப் போவுதுங்களா?"

"போவுதுங்க" என்றேன்.