வெள்ளிக்கிழமை திறந்திருக்கும் கதவு

ஓனோரா கில்லனுக்கு வலது தோள் ஓய்ந்துபோய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. பிள்ளைகள் நாலு பேரும் பாஸ்டனில், கணவன் கல்லறையில். மிச்சம் ஒரு பசு. வாரம் முழுக்கச் சேர்த்துப் புளிக்கவைத்த பாலேட்டை, இடுப்பளவு உயர மரத்தாழியில் ஊற்றி, நீளக் கழியால் மேலும் கீழும் ஒரு மணி நேரம் இடித்தால்தான் வெண்ணெய் திரளும். இடிக்க முடியாவிட்டால் பசுவைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான். அப்புறம் அந்த வீட்டில் மூச்சுவிட அவள் ஒருத்திதான்.

உதவி என்று வாய் திறக்கிறவள் இல்லை அவள். ஆனால் அவள் வாழ்ந்த மேயோ பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைகிற வீட்டுக்குள் கால் வைத்தவர், ஆசி சொல்லி, கழியை வாங்கி நாலு இடியாவது இடிக்காமல் போகக்கூடாது. போனால் அந்த வீட்டு வெண்ணெயும் அவரோடு போய்விடும். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் தபால்காரன் ஃபெஸ்டி வருகிற நேரம் பார்த்து, மழையோ காற்றோ, கதவை விரியத் திறந்துவைத்துக் கடைவாள். அவள் வீட்டில் நாலு இடி என்றால் நானூறு. இந்தக் கள்ளத்தனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தோள்வலி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஃபெஸ்டி மட்டும் என்ன, விவரம் கெட்டவனா? இடிக்கும் சத்தம் கேட்டால், கடிதத்தை வேலிச் சுவரில் கல்லுக்கடியில் செருகிவிட்டு நழுவப் பழகிக்கொண்டான். மூன்று வெள்ளி இப்படியே போயிற்று. மூன்றாவதில் வெண்ணெய் திரளவே இல்லை. அத்தனையையும் அடுத்த வீட்டுப் பன்றிக்குக் கொட்டினாள்.

நாலாம் வெள்ளி, சைக்கிள் சத்தம் கேட்டதும் கையை நிறுத்திக்கொண்டாள். சத்தமில்லாத வீட்டுக்குள் தைரியமாக நுழைந்தவன், தாழியைப் பார்த்து அசடு வழிந்தான். வேறு வழியில்லை, கழியைப் பிடித்தான்.

"கூப்பிட்டா வந்திருக்க மாட்டேனா அக்கா? இதுக்கு இவ்வளவு சூதா?"

தோளைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் சரிந்திருந்தாள் அவள்.

"கேட்டு வாங்கினா அது பிச்சைடா. நீயா வந்து புடிச்சா வழக்கம்."

அவன் வெண்ணெய் திரளும்வரை இடித்துவிட்டுப் போனான்.

அடுத்த வெள்ளி அவள் கதவைத் திறக்கவில்லை, வெட்கமாக இருந்தது. பாதியிலேயே கை மரத்துப்போயிற்று. போதும், பசுவைக் கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள். அப்போது யாரோ கதவைத் தள்ளினார்கள். ஃபெஸ்டி. கையில் ஒன்றும் இல்லை.

"இன்னிக்குக் கடுதாசி எதுவும் இல்லக்கா," என்றான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "வேலைக்கு ஆண்டவர் ஆசி."

கழிக்குக் கை நீட்டினான்.