அழகு என்றார்கள் அந்தப் பூஞ்சையை

நான் இருக்கிற ஜெர்மன் ஊரில் ஈஸ்ட்டை வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். காகிதம் சுற்றிய சின்னக் கட்டி. பெயர் ஹேஃபெ. வந்த புதிதில் கீழ்வீட்டில் இருக்கும் இங்கெ என்ற வயதான பெண்மணி எனக்கு என்ன வேலை என்று கேட்டார். தெரிந்த அரைகுறை ஜெர்மனில் “ஹேஃபெயோடு வேலை” என்றேன். அந்த வாரக் கடைசியில் என் கதவைத் தட்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ரொட்டி கிடைக்குமா என்றார். ஆய்வகத்தில் நான் வளர்ப்பது ஆளைக் கொல்லக்கூடிய ஈஸ்ட் என்று சொல்ல அன்று எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அதற்குக் கேண்டிடா என்று பெயர். உங்கள் வாயிலும் குடலிலும் இப்போதே இருக்கலாம். உருண்டையாக, மொட்டு விட்டுப் பெருகிக்கொண்டு, சாதுவாகக் கிடக்கும். உடம்பு தளர்ந்து, போட்ட மருந்துகள் சுற்றியிருந்த பாக்டீரியாக்களையும் துடைத்துவிட்டால் அது உருவை மாற்றிக்கொள்ளும். ரத்தச் சீரத்தில் போட்டு உடல் சூட்டில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உருண்டையிலிருந்து ஒரு குழல் நீளும். பிறகு அது இழையாகும். சதைக்குள் துளைத்துப் போவது அந்த இழைதான். நோயாளியின் ரத்தக் குழாயில் செருகிய பிளாஸ்டிக் குழாய் கிடைத்தால் இன்னும் வசதி. உருண்டைகள் அதில் ஒட்டும், இழைகள் பின்னிக்கொள்ளும், மேலே ஒரு பிசினைச் சுரந்து எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். அதைத்தான் பயோஃபிலிம் என்கிறோம். உள்ளே இருப்பதை மருந்து எளிதில் தொடாது. அங்கிருந்து பிய்ந்து பிய்ந்து ரத்தத்தில் கலந்தபடி இருக்கும். குழாயைப் பிடுங்கி எறிந்தால்தான் வைத்தியம் தொடங்கும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், நான் எடுத்த பயோஃபிலிம் படத்தை எங்கள் ஆய்வகத் தலைவர் திரையில் போட்டார். பச்சையும் சிவப்புமாக இழைகள். “வுண்டர்ஷோன்!” என்றார். பேரழகு என்று அர்த்தம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்று பிற்பகல் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தம்பி மனைவி சுமதி போன் செய்தாள்.

தம்பி பிரபு கால் டாக்ஸி ஓட்டுகிறவன். கேளம்பாக்கம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவான். குடலில் ஓட்டை விழுந்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கழுத்து ரத்தக் குழாயில் பிளாஸ்டிக் குழாய் போட்டு, அதன் வழியாக ரத்தத்தில் ஏற்றுவதுதான் சாப்பாடு. எந்த மருந்துக்கும் காய்ச்சல் இறங்கவில்லை.

“பிளட் டெஸ்ட்ல ஏதோ ஈஸ்ட் வந்திருக்காம்க்கா. அது ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு,” என்றாள் சுமதி.

சுமதியிடம் நம்பர் வாங்கினேன். டாக்டரைப் போனில் பிடித்தேன்.

“டாக்டர், ரத்தத்துல ஈஸ்ட் வந்தா சும்மா விடக் கூடாது. கழுத்து லைனை எடுத்துடுங்க. பூஞ்சை மருந்து ஆரம்பிங்க. கண் டாக்டரையும் ஒருதரம் பார்க்கச் சொல்லுங்க.”

“மேடம், நீங்க பேஷண்ட் பாக்கறவங்களா?”

“இல்ல, ஆராய்ச்சி. ஆனா இதே கேண்டிடாலதான்...”

“லேப் வேற, பேஷண்ட் வேற மேடம். அது சாம்பிள் எடுக்கும்போது வெளியேர்ந்து ஒட்டின கன்டாமினேஷன். ஃபாரின்ல உக்காந்துகிட்டு போன்ல ட்ரீட்மென்ட் சொல்லாதீங்க.”

வைத்துவிட்டார்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஃபாரினாம். நான் இதை ஜெர்மனியில் கற்றுக்கொள்ளவில்லை. தாம்பரத்தில் கல்லூரியில் படிக்கும்போது, கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு அறையில், சீரத்தில் அந்தக் குழல் நீள்வதை முதன்முதலாக நுண்நோக்கியில் பார்த்தேன். ரத்தத்தில் வந்த ஈஸ்ட்டை ஒருபோதும் அலட்சியம் செய்யாதே என்று அங்கேதான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த டாக்டருக்கும் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். பரிசோதனை முடிவு அவர் கையில் இருந்தது. அதை அவர் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அன்றே சென்னைக்கு டிக்கெட் எடுத்து, பெட்டியோடு படியிறங்கும்போது கீழ்வீட்டு இங்கெ எதிரே வந்தார். தம்பிக்குக் கேண்டிடா என்றேன். “ஓ, என் மருமகளுக்கும் இருந்தது. சர்க்கரையை நிறுத்தச் சொல், சரியாகிவிடும்,” என்று என் தோளைத் தட்டினார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பெட்டியைப் படியில் உருட்டிவிட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது. “டாங்கெ” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது பரிசோதனையிலும் அதே ஈஸ்ட் வந்து, வேறு வழியில்லாமல் குழாயை எடுத்து, சரியான மருந்தை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது. பிரபு பாதியாகிக் கிடந்தான்.

“வந்துட்டியாக்கா,” என்றான். பிறகு, “லெஃப்ட் கண்ணுல ஒரே பொகையா கீதுக்கா. ரெண்டு மூணு நாளா சொல்லிகினே கீறேன். தூங்கினா சரியாப் பூடும்ன்றாங்க.”

ரத்தத்தில் போன பூஞ்சை கண்ணுக்குள் குடியேறியிருந்தது. அதன் பிறகு கண் மருத்துவமனை, கண்ணுக்குள் ஊசி, ஆபரேஷன். இடது கண் போய்விட்டது. கார் ஓட்டுவதும் அதோடு போயிற்று.

அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். “உயிரோட இருக்காரு இல்ல மேடம்? சந்தோஷப்படுங்க,” என்றார்.

நடைவழி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “கண்ணைப் பாருங்கன்னு சொன்னேனா இல்லையா? ஒரு கண் டாக்டரைக் கூப்பிடறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?” செக்யூரிட்டி வந்தார். சுமதி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“போதும்க்கா. நீங்க கத்திட்டு ஃபிளைட் ஏறிடுவீங்க. நாளைக்கு ராத்திரி இவருக்கு ஒண்ணுன்னா நான் இவங்ககிட்டதான் ஓடி வரணும்.”

அவள் மீதும் கோபம் வந்தது. சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. புகார் எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை. அதே வாரம் ஆய்வகத் தலைவரிடமிருந்து செய்தி: என் படத்தைப் பெரிதாக்கி வாசல் சுவரில் மாட்டப் போகிறார்களாம். வேண்டாம் என்று எழுதினேன். “ஏன்? அவ்வளவு அழகாக இருக்கிறதே?” என்று கேட்டிருந்தார். அவருக்கு எந்த மொழியில் விளக்குவது?

ஜெர்மனிக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் மாலை பிரபு என்னை டீ குடிக்க அழைத்துப்போனான். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் வேளச்சேரி பஸ் இடது பக்கமாக அவனை உரசுகிற மாதிரி வந்தது. ஹாரன் கேட்டும் அது எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பின்னுக்கு இழுத்தேன். அதன் பிறகு அவனுடைய இடது பக்கத்துக்கு மாறிக்கொண்டேன்.

“அக்கா, எங்க கீற?”

“இங்கதான்டா, உன் பக்கத்துலதான்.”

“நாளைக்கு எத்தினி மணிக்கு ஃபிளைட்டு?”

சொன்னேன். ஏதோ பதில் சொல்லிவிட்டு, நேரே பார்த்தபடி பேசிக்கொண்டே நடந்தான். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குத் தெரியாத பக்கத்தில் நான் நடந்துகொண்டிருந்தேன்.