முதிரைக் கிற்றார் கோணாமலை

கிற்றாரை மாட்டுவதற்கு முன்னால் கோணாமலை துவாயை நாலாக மடித்து இடது தோளில் வைத்துக்கொள்கிறார். அதற்கு மேல்தான் தோல் பட்டி. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தால் முதல் வேலை போட்டிருக்கிற சேட்டைக் கழற்றுவது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தோளைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, மனைவி அன்னப்பூரணியிடம் போய் நிற்கிறார்.

"அடையாளம் தெரியுதா?"

"ஒண்டும் தெரியல. வந்து சாப்பிடுங்க."

"வெளிச்சத்துக்குக் கிறுகி நிக்கிறன். வடிவாப் பாரு புள்ள."

அன்னப்பூரணி சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வடிவாகப் பார்ப்பாள். எத்தனை தடவை கேட்டாலும் பார்ப்பாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

தேற்றாத்தீவில் கதவும் நிலையும் செய்கிற தச்சர் கோணாமலை. அந்தக் கிற்றாரும் அவர் கைவேலைதான். கலியாண வீடொன்றில் மிஞ்சிய முதிரைக் கட்டையைச் சீவி, தடித்த கம்பி நாலைப் பூட்டிச் செய்தது. தூக்கிப் பார்த்தவர்கள் "இது வாத்தியமா, வாசற்படியா?" என்று கேட்பார்கள். அவரும் அதை "மரம்" என்றுதான் சொல்வார். அந்தத் தடித்த கம்பிகளால் என்ன பிரயோசனம் என்று கேட்டால், "நான் பாட்டுக்கு அடியில நிக்கிறவன். நான் வாசிச்சா ஒருத்தருக்கும் விளங்காது. நிப்பாட்டினா எல்லாருக்கும் விளங்கும்" என்பார்.

பாட்டுக் குழுவில் அவரோடு கூட இருந்தவர்கள் இரண்டு பேர். டிரம்ஸ் அடிப்பவர் காத்தான்குடிச் சாலிஹ். பாடுகிறவரும் மற்றக் கிற்றாரை வாசிக்கிறவரும் பக்கத்து வளவு அழகரத்தினம். குழுவுக்கு 'நீர்க்காகங்கள்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். வாவியில் முங்கி எழும்பிக் கட்டையில் இறக்கை விரித்து நிற்கிற அந்தப் பறவையைப்போல மேடையில் கையை விரித்துக்கொண்டுதான் பாடத் தொடங்குவார்.

எண்பத்தைந்தில் மூவரும் கொழும்புக்குப் போய் ஒரு பாட்டைப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். துறையில் தோணிக்குக் காத்திருக்கிற பெண்ணைப் பற்றிய துள்ளல் பாட்டு. "தோணி கவுண்டாலும் துடுப்பு மிதக்கும் புள்ள" என்று தொடங்கும். சின்ன இசைத்தட்டாக வெளிவரும், வியாழக்கிழமை காலை வானொலியில் முதற்தடவை போடுவார்கள் என்று கம்பனிக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை விடியும்போது ஊரை ஆமி சுற்றி வளைத்திருந்தது. ஆம்பிளைகள் எல்லோரையும் மைதானத்தில் குந்தவைத்தார்கள். தேநீர்க் கடைக்காரரையும் இழுத்து வந்துவிட்டதால், ஆளில்லாத கடையில் வானொலி தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவராகச் சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். துப்பாக்கி தூக்கிப் பழகிய அடையாளம் உண்டா என்று முழங்கை, முழங்கால், தோள் எல்லாம் பார்த்தார்கள். கோணாமலையின் இடது தோளில் பட்டி பதிந்த கறுப்புத் தழும்பைக் கண்டதும் ஒரு சிப்பாய் அதில் விரலால் குத்தினான்.

"துவக்கு?"

"இல்ல சேர், கிற்றார்."

அவன் சிரித்தான். கோணாமலையை லொறிப் பக்கம் தள்ளினான். அங்கே ஏற்கெனவே சிலர் முகங்குப்புறக் கிடந்தார்கள்.

அப்போதுதான் கடையிலிருந்து அறிவிப்பாளரின் குரல் வந்தது. மட்டக்களப்பின் நீர்க்காகங்கள் குழு வழங்கும் புதிய பாடல் என்றார். சாலிஹின் டிரம்ஸ் இடித்துக்கொண்டு வந்தது.

"சேர்! அது நாங்க! நாங்க படிச்ச பாட்டு சேர்!" என்று கோணாமலை கத்தினார்.

அதிகாரி கிட்ட வந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "நீங்களா? சரி, பாடு."

கோணாமலை வாயைத் திறந்தார். சொந்தப் பாட்டின் முதற்சொல் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. அதிகாரி கையை ஓங்கினார்.

"பாடினது நான் சேர்."

வரிசையில் அழகரத்தினம் எழும்பி நின்றார். அவரைப் பார்த்து முடித்து, நல்ல ஆள் என்று ஒதுக்கியிருந்தார்கள். பேசாமல் இருந்திருந்தால் மத்தியானம் வீட்டுக்குப் போயிருப்பார். கேட்காமலே இரண்டு கையையும் விரித்தார். வானொலியோடு சேர்ந்து பாடினார். கடையிலும் மைதானத்திலும் ஒரே தொண்டை. தலை குனிந்திருந்த ஊர் முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

பாட்டு முடியும்வரை அதிகாரி அசையவில்லை. முடிந்ததும் கையும் தட்டினார். கோணாமலையைப் பார்த்து "நீ போ" என்றார். அழகரத்தினத்தின் தோளில் கை போட்டார். "நீ வா. பின்னேரம் காம்பில பாடு. நாளைக்கு விடுறம்."

ஜீப்பில் ஏறும்போது அழகரத்தினம் திரும்பிப் பார்த்தார். "மச்சான், புஸ்பத்திட்டச் சொல்லு, சோத்த மூடி வைக்கட்டாம்."

அடுத்த நாள் அழகரத்தினத்தின் மனைவி புஸ்பமும் கோணாமலையும் ஆமிக் காம்ப் வாசலில் போய் நின்றார்கள். அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றான் காவலுக்கு நின்றவன். இருவரும் திரும்பி நடந்தபோது முதுகுக்குப் பின்னால் அவன் எதையோ சீழ்க்கையடிக்கத் தொடங்கினான். துடுப்பு மிதக்கிற அந்த மெட்டு. கோணாமலை நின்றுவிட்டார். புஸ்பம்தான் அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வழியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்கட பாட்டு எண்டு ஏன் சொன்னீங்க அண்ணன்?" அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

சில நாளுக்கு மறுகா இசைத்தட்டுப் பெட்டிகள் ரயிலில் வந்து சேர்ந்தன. சாலிஹ் கொண்டுவந்து பட்டறையில் இறக்கிவிட்டு, "இத ஆருக்கு மச்சான் விக்கிற?" என்று சொல்லி அங்கேயே குந்திவிட்டார். பெட்டிகள் உடைக்காமலே பட்டறை மூலையில் கிடந்தன. கோணாமலை வேறு பாட்டுக்காரரோடு கலியாண வீடுகளுக்குப் போகிறார். அடியில் நிற்கிறார். அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டால், "தெரியாது" என்கிறார்.

போன மாதம் ஒரு பின்னேரம் புஸ்பம் பட்டறைக்கு வந்தாள். பெட்டியைத் தானே பிரித்து ஒரு தட்டை எடுத்தாள். நடுவிலிருந்த தாளில் கணவனின் பெயரை வாசித்தாள். அவள் வீட்டில் தட்டுப் போடுகிற பெட்டி இல்லை. தட்டைச் சரித்து, வெயிலில் மினுங்கிய கறுப்பு வரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல அவர்ர குரல் எங்க இரிக்கு அண்ணன்?"

கோணாமலை கையில் ஒட்டியிருந்த மரத்தூளை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். தட்டின் ஓரத்திலிருந்து சற்று உள்ளே, வரியில் முட்டாமல், நகத்தை ஊசிபோல ஒரு மயிரிழை உயரத்தில் பிடித்தார். பிறகு மற்றக் கையால் தட்டை மெல்லச் சுழற்றத் தொடங்கினார்.